ஏரிக்குள் ஒன்பது குழி

மேச்சேரிக்கு மேற்கே அந்த ஏரி வற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் போன இடத்துக்கு லோகன் துரை வந்து சேர்ந்தார். கால்வாய் வேலைக்கு வந்த இஞ்சினியர், ஸ்காட்லாந்தில் கடலோரத்துக்காரர். ஆடி மாதம் பாலமலைப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் நின்று ஏரியைப் பார்த்தவர், மணல் மேடும் பள்ளமும் கோரையும் சேர்ந்து அச்சு அசல் தன் ஊர்க் கடற்கரைக் கோல்ஃப் மைதானம் என்று குதித்தாராம். கடல் ஒன்றுதான் குறை. அதை அவரால் வரவழைக்க முடியவில்லை; மற்றதையெல்லாம் செய்துவிட்டார். ஒன்பது குழி வெட்டி, ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் தெளித்து மணலை இழைத்து, ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டு, நுழைகிற வாசலுக்கு ஒரு படல் வைத்தார்.

ஊரில் பச்சை என்று மிச்சமிருந்தது அந்த ஏரிக்குள் மட்டும்தான். வெளியே ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. ஆடு மேய்க்கிற காத்தானிடம் நாற்பத்திரண்டு உருப்படி இருந்தது, பதினேழு மிஞ்சியது. வயிற்றுப்பாட்டுக்கு அவன் துரையின் மட்டைப் பையைத் தூக்கினான். உள்ளே புல்லை மிதித்துக்கொண்டு நடப்பான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஆடே அவனைப் பார்த்துக் கத்தும். இந்தக் கொடுமையைப் போய் யாரிடம் சொல்ல?

துரைக்குக் கூட ஆட ஆள் இல்லை. தனியாக ஆடி அலுத்து, ஒரு நாள் காத்தான் கையில் மட்டையைக் கொடுத்தார். அவன் பந்தை மேலே தூக்கவே இல்லை. காற்றுக்கு அடியில் தரையோடு தரையாக விரட்டினான். இருபத்தைந்து வருஷம் அந்த ஏரியில் ஆடு மேய்த்தவன். எந்த மேட்டுக்குப் பின்னால் காற்று அடங்கும், எந்த மணல் காலை வாங்கும் என்று அவனுக்கா தெரியாது? அன்றிலிருந்து துரை அவனோடுதான் ஆடினார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக்கூடாது. ஆட்டம் என்று வந்தால் மட்டும் கிறுக்கு.

காத்தானின் மனைவி மாரியாயிதான் முடுக்கிவிட்டாள். "அவுங்க கூட ஆடறீங்கல்ல, படலத் தொறந்து உடச் சொல்லிக் கேட்டா என்னங்க?"

கேட்டான். துரை தாடையைத் தடவினார்.

"ஒன்பது குழியையும் என்னைவிடக் குறைந்த அடியில் முடி. மழை வரும்வரை படல் திறந்திருக்கும். சமம் போதாது, ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது."

ஆட்டத்தன்று ஊரே ஆடுகளோடு படலுக்கு வெளியே நின்றது. முதல் இரண்டு குழியில் காத்தான் மூன்று அடி பின்தங்கினான். அப்புறம் காற்று ஏறியது. துரை உயரத் தூக்கிய பந்தெல்லாம் கோரைக்குள்ளும் முள்ளுக்குள்ளும் போய் விழுந்தது. காத்தானின் பந்து எலி மாதிரி மேட்டோரமாகவே ஓடியது. எட்டாவது குழி முடிந்தபோது இருவரும் சமம். ஒன்பதாவதைத் துரை ஐந்து அடியில் முடித்தார். காத்தான் மூன்றாவது அடியிலேயே பந்தைக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இன்னும் ஒரு தட்டு. கைக்குழந்தை தட்டினாலும் விழுந்துவிடும்.

அவன் குனிந்தான். பந்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்து, தட்டினான். விழுந்தது.

பெரிய காரியத்தைத் தொடுமுன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவன் இந்தப் பக்கத்தில் யார்? தறிக்காரன் தறியில் ஓடுகிற நாடாவை ஒற்றிக்கொள்கிறான், வண்டிக்காரன் நுகத்தடியை ஒற்றிக்கொள்கிறான். ஆட்டத்தின் நடுவே பந்தைத் தொடக்கூடாது என்பது காத்தானுக்குத் தெரியும்தான். அவன் கைக்குத் தெரியவில்லை.

துரையின் முகம் வெளுத்தது. "காத்தான், பந்தை எடுத்துவிட்டாயே."

"அதே எடத்துலதானுங்க தொரை வெச்சன். ஒரு நூலுகூட நவுரலீங்க."

"எடுத்தால் ஓர் அடி கூடும். உனக்கும் ஐந்து, ஆட்டம் சமம். என்னைப் பெற்ற அப்பா ஆடியிருந்தாலும் இதுதான் கணக்கு." அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. காத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஓர் ஆட்டம் நான் ஆடியதே இல்லை. அடுத்த வருஷம் மறுபடி ஆடுவோம்."

அடுத்த வருஷம். பதினேழு ஆட்டில் ஒன்றாவது அதுவரை நிற்குமா?

அதற்குள் படலண்டை கூச்சல் கிளம்பிவிட்டது. பந்து குழிக்குள் விழுந்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள். யாரோ படலின் கட்டை அவிழ்த்துவிட, ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே பாய்ந்தன.

"சாமி, கட்டுங்க! படலக் கட்டுங்க!" என்று காத்தான் கத்திக்கொண்டே ஓடினான்.

மாரியாயி வழியை மறித்தாள். "ஏனுங்க? பந்து குழியில உளுந்துச்சே, நாங்க கண்ணால பாத்தமே!"

"உளுந்துச்சு. அதுக்கு முன்னால எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டன், புள்ள."

"ஒத்திக்கிட்டா நல்லதுதானுங்க?"

அவன் அவளை விலக்கிவிட்டு, முன்னால் வந்த ஆட்டைத் திருப்பினான். ஆட்களும் சேர்ந்து ஆடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஓட்டினார்கள். அவனுடைய சினையாடு ஒன்று மட்டும் தலையைத் தூக்கவே மாட்டேன் என்று புல்லில் நின்றது. காத்தான் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். காதோரத்தில் அது இன்னும் மென்றுகொண்டிருந்தது. அது மென்று முடிக்கும்வரை நின்றான். பிறகு இறக்கிவிட்டு, தன் கையாலேயே படலை இழுத்துக் கட்டினான்.