இந்தியர் கையெழுத்துக்கு மூன்று பேர்

1
ஒப்புக்கொள்கிறேன். அதிகாரப் பகிர்வு பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் கிள்ளானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியைக் கதையாக்குகிறேன்.

2
கிள்ளான் ஆற்றின்மேல் பொழுது மெல்லப் புலர்ந்தபோது... (வேண்டாம். லிப்ட் கெட்ட கதைக்கு ஆறு எதற்கு?)

லிப்ட் கெட்டு நான்கு மாதம். ஐந்தாம் மாடி உஷாராணியின் கணவர் வாசுவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவளும் எதிர்வீட்டுக்காரரும் படியிறக்குவார்கள். போன முறை அவள் கை நழுவியது. விழவில்லை. ஆனால் வாசு இனி இறங்கமாட்டேன் என்றுவிட்டார்.

3
பழுதுபார்க்கக் குடியிருப்போர் குழுவில் மூன்று கையெழுத்து வேண்டும்: ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஓர் இந்தியர். எழுதிவைத்த விதியில்லை, எழுதியிருந்தால் மாற்றியாவது தொலைக்கலாம். தலைவர் ஹாஷிம் போட்டுவிட்டார். பொருளாளர் லிம் போட்டுவிட்டார். நம் இடம்தான் காலி. ஏனென்றால் அதற்கு மூன்று பேர் போட்டி.

உஷாராணி ஒன்று. இருபது வருடத் துணைத் தலைவர் தம்புசாமி இரண்டு (எதற்குத் துணை என்று அவர் கேட்டதேயில்லை). மூன்றாமவர், சிறுபான்மை உரிமை பற்றி தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் மேடைகளில் முழங்குபவர்.

"இருக்கிறதே ஒரு சீட்டு. அதையும் பொம்பளைக்குக் கொடுக்கணுமா?" என்றார் தம்புசாமி.

"உங்க ஆள் யாருன்னு நீங்களே பேசி முடிங்கலா," என்று ஹாஷிம் மலாயில் சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தார். மூன்றாவது முறையாக.

4
இந்தக் கதைக்குச் சில முடிவுகள்:

(அ) மூன்று இனமும் சேர்ந்து வாசுவைச் சுமந்து இறக்குகிறது. சுதந்திர மாத விளம்பரத்தில் பார்த்தாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

(ஆ) தம்புசாமி விலகுகிறார். நம்பமாட்டீர்கள், நேற்று விலகியேவிட்டார். "எனக்கும் முட்டி வலிக்குதுலா."

(இ) இன்று காலை உஷாராணி மூன்றாமவரின் கதவைத் தட்டினாள். கீழ்த்தள வீடு. அவர் எழுதிக்கொண்டிருந்தார். சரி, இனி மறைப்பானேன்? நான்தான் அது.

"அண்ணே, டயாலிசிஸ் வேன் வந்து நிக்குது. அவரு கதவ சாத்திக்கிட்டாரு. நீங்க விலகுனா இன்னைக்கே நான் சைன் பண்ணிடுவேன்."

"கொள்கை என்று ஒன்று..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கண் மேசைமேல் இருந்த இந்தத் தாள்களில் விழுந்தது. "எங்க கதையா? கடைசியில லிப்ட் ஓடுதாண்ணே?"

வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. அவள் இன்னும் வாசலில் நிற்கிறாள்.

வாசகரே, பெருந்தன்மையோடு முடிவை உங்களிடமே ஒப்படைக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் விலகினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.