காலேஜ் பிள்ளைக்கு வைத்த காவல்

கிள்ளான் ஊரில் நூர் முகம்மதுவைப் போலச் சந்தேகம் பிடித்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். பால்காரன் பாலை ஊற்றும்போதே குனிந்து செம்பின் அடியைப் பார்ப்பார். ரப்பர் கிடங்கைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுப்பார். பாதி வழி போனவர் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பார். இத்தனை இழுப்புக்கும் அந்தப் பூட்டு உடையாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அப்படிப்பட்டவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் ஒரு கடிதம் வந்தது. சிங்கப்பூரில் ஒரு காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்காரத் துரை எழுதியிருந்தார். மாணவர்களுக்கு நீண்ட விடுமுறை வருகிறது, அதில் எட்டு வாரம் ரப்பர் வியாபாரம் நடக்கும் இடத்தில் இருந்து வேலை பழக ஒரு பையனை அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். பையன் பெயர் ஜெயராஜ். ரயிலில் தினம் வந்துபோகும் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் ரயில்வே கார்டு ஒருவரின் மகன். நூர் முகம்மது தமிழை முத்து முத்தாக எழுதுவார். இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அதற்கு மனைவி ரம்லத்தின் தம்பி தாவூத்துதான் அவருக்குக் கண்ணும் வாயும். தாவூத் கடிதத்தைப் படித்துச் சொன்னதும், வருகிறவன் உளவாளியோ என்று நூர் முகம்மதுவுக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. அரசாங்கம் கொடுக்கும் கூப்பன் இல்லாத ரப்பரை யாரும் விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. மீறினால் வியாபாரியின் லைசென்ஸ் போய்விடும். போன மாதம்தான் அதே தெருவில் இரண்டு கடைகளை மூடினார்கள். யாரோ புது ஆள் வந்து சும்மா பேச்சுக் கொடுத்துவிட்டுப் போனானாம். மறுவாரம் அதிகாரிகள் வந்து நின்றார்களாம். நூர் முகம்மது அப்படிப்பட்ட சரக்கைத் தொட்டதே இல்லை. ஆனாலும் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைத் தினமும் காலையில் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எடம் இல்லன்னு எழுதிருவோம் மச்சான்," என்றான் தாவூத்.

"தொரை கேட்டு நாம இல்லன்னா, மறைக்க என்னமோ இருக்குன்னுல்ல நெனைப்பான்? வரட்டும். ஆனா நான் சொல்ற மாதிரிதான் இருக்கணும்."

அவர் சொன்ன மாதிரியைக் கேளுங்கள். பையன் ஒரே இடத்தில் இருந்தால் ஆழமாகத் தோண்டிவிடுவான். ஆகவே ஒரு வாரம் வாசல் தராசில், ஒரு வாரம் ரப்பர் ஷீட்களைத் தரம் பிரிக்கும் மேசையில், ஒரு வாரம் ஷீட்களைப் புகை போட்டு உலர்த்தும் புகைக்கொட்டகையில், ஒரு வாரம் ரப்பர் கட்டும் இடத்தில் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாக விடக் கூடாது. தாவூத் கூடவே இருப்பான். வெளியே சாப்பிடப் போனால் யாரிடமாவது பேசுவான். ஆகவே மத்தியானச் சாப்பாடு கடையிலேயே, முதலாளியோடு. அன்றன்றைக்குப் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதிச் சாயங்காலம் ஒப்படைத்துவிட்டுத்தான் ரயிலேற வேண்டும். வேலை பழக வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை அந்தத் துரையே யோசித்திருக்க மாட்டார். ஆனால் இவர் யோசித்தது உளவாளியை மடக்குவதற்கு.

ஜெயராஜ் வந்தான். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற வாய். இந்த ஷீட் ஏன் கறுப்பு, அந்த ஷீட்டில் ஏன் கொப்புளம், புகைக்கு ஏன் இந்தக் கட்டை என்று கேள்விமேல் கேள்வி. நூர் முகம்மது சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொல்வார். சொல்லி முடித்ததும், இதை ஏன் கேட்டான் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பார். பையன் கெட்டிக்காரன் என்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது, அதனாலேயே பயமாகவும் இருந்தது.

நோட்டை அவன் இங்கிலீஷில் எழுதினான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் தாவூத் அதை வாங்கி முதலாளிக்குத் தமிழில் படித்துச் சொன்னான். முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. நாலாவது வாரம், பையன் ரப்பர் கட்டும் இடத்துக்குப் போன பிறகு, தாவூத்தின் முகம் மாறத் தொடங்கியது.

"லைசென்ஸ் நம்பர எழுதி வச்சிருக்கான் மச்சான்."

மறுநாள், "கெடங்குக்கு எத்தனை கதவு, எது எப்ப தொறக்குதுன்னு எழுதிருக்கான்."

அதற்கு மறுநாள் தாவூத் நோட்டை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "இவன அனுப்பிருங்க. இனி வச்சிருந்தா நமக்கு ஆகாது."

"அப்ப தொரைக்கு எழுதிரு," என்றார் நூர் முகம்மது. வியாழக்கிழமை தாவூத் துரைக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். "வேல கொறைவா இருக்கு, பையன திருப்பி அனுப்புறோம்னு மரியாதையா எழுதிருக்கேன்." நூர் முகம்மது அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். பால் செம்பின் அடியைப் பார்க்கிற மனிதர், மச்சினன் நீட்டிய காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கடையில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகுதான் தபால் போகும். அது அவருடைய வாப்பா காலத்துப் பழக்கம். ஆகவே கடிதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில், கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கில் ஏதோ சிக்கல் என்று போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ஆள் வர, தாவூத் அவசரமாகக் கிளம்பிப் போனான். நாலு வாரத்தில் முதல் தடவையாகப் பையன் காவல் இல்லாமல் இருந்தான்.

தொழுதுவிட்டு வந்த நூர் முகம்மது கடிதத்தை வெளியே எடுத்தார். அனுப்புவதற்கு முன்னால் இவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. தாவூத் படித்துச் சொன்னதெல்லாம் அவருக்கு வரி வரியாக நினைவிருந்தது. பையனே படிக்கட்டும்; எங்கே மழுப்புகிறான் பார்ப்போம்.

"தம்பி, இங்க வா. செவ்வாக்கெழம எழுதினத எனக்குத் தமிழ்ல படி."

ஜெயராஜ் நோட்டைப் பிரித்தான். "நாலரை மணிக்கு முதலாளி பள்ளிவாசலுக்குப் போனதும் பின்வாசலுக்கு ரெண்டு மாட்டுவண்டி வந்துச்சு. ஷீட்டெல்லாம் ஈரம். கூப்பன் எங்கன்னு கேட்டேன். முதலாளிக்குத் தெரிஞ்ச ஏற்பாடு, நீ கேக்காதன்னு தாவூத் அண்ணன் சொன்னாரு. நல்ல ஷீட்டுக்கு நடுவுல வச்சுக் கட்டச் சொன்னாரு. எனக்கு இது விளங்கல. முதலாளிகிட்ட கேக்கணும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாததால, தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன், முதலாளி."

நூர் முகம்மது நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே அவருக்குச் சந்தேகம் வந்தது, வராமல் இருக்குமா? இவன் இப்போது கதை கட்டிச் சொல்கிறான். மச்சினனுக்கும் எனக்கும் நடுவில் சண்டை மூட்டிவிடப் பார்க்கிறான். இரண்டு பேரில் ஒருவன் பொய்யன். எவன் என்று கண்டுபிடிக்க அவருக்கு இங்கிலீஷ் இல்லை. மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. அதில் இருப்பது அவருக்குத் தெரியும், தாவூத் சொல்லியிருக்கிறானே. அதைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தார்.

"இதையும் படி. ஒரு வார்த்த விடக் கூடாது."

பையன் வாங்கினான். முதல் வரியைக் கண்ணால் படித்ததும் அவன் உதடு அசைவது நின்றது. அப்புறம் மெதுவாகப் படித்தான்.

"மதிப்புக்குரிய ஐயா. நீங்க அனுப்பின ஜெயராஜ், நான் தொழப் போற நேரம் பாத்துப் பின்வாசல் வழியாக் கூப்பன் இல்லாத ரப்பர வாங்கி என் சரக்குல கலந்திருக்கான். கையும் களவுமாப் பிடிச்சிட்டோம். இவன் திருடன். உங்க காலேஜுல இவன வச்சிருக்கிறது காலேஜுக்குக் கேவலம். கூப்பன் ஆபீசுக்கும் இத எழுதப் போறோம்." கடைசி வரியைப் படித்ததும் அவன் காகிதத்தை மேசையில் வைத்தான். "கீழ உங்க கையெழுத்து இருக்கு, முதலாளி."

பையன் நினைத்திருந்தால் அதில் வேறெதையும் படித்திருக்கலாம். வேலை குறைவு, திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தால் நூர் முகம்மது தலையாட்டியிருப்பார். தன்னைத் திருடன் என்று தானே வாசிக்க, பொய்யன் எவனும் மெனக்கெட மாட்டான். ஆக, இவன் படிப்பது உண்மை. அப்படியென்றால் இத்தனை வருடமாகத் தாவூத் படித்ததெல்லாம்?

"நீ ஏன் தம்பி தமிழ்ல எழுதல? ஒனக்குத் தமிழ் எழுத வராதா?"

"வரும், முதலாளி. நீங்க இங்கிலீஷ்ல எழுதச் சொன்னதா தாவூத் அண்ணன் சொன்னாரு."

நாலரை மணிக்கு நூர் முகம்மது பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கிடங்கின் மூலையில் பாயை விரித்துத் தொழுதுவிட்டு, பின்வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் மாட்டுவண்டி ஒன்று திரும்பியது. வண்டிக்காரன் முக்காலியில் இருப்பவரைப் பார்த்தான். உடனே மாட்டைத் திருப்பி ஓட்டினான். வண்டியில் சாக்குக்கு அடியிலிருந்து வந்த ஈர ஷீட்டின் புளித்த வாடை மட்டும் அங்கேயே நின்றது.

அவருக்கு அழுகை வந்தது. லைசென்ஸ் போய்விடுமே என்று வந்ததா, பெண்டாட்டியின் தம்பி செய்த துரோகத்துக்கு வந்ததா, ஒரு பிள்ளையின் படிப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட இருந்தோமே என்று வந்ததா, அவருக்கே தெரியவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்பட வேண்டியவனிடம் சாவியைக் கொடுத்து வைத்திருந்த தன் புத்தியை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

உள்ளே வந்து கடிதத்தை நாலாகக் கிழித்தார். பையனை எதிரே உட்கார வைத்தார்.

"ரயிலுக்கு நேரமிருக்கா?"

"இருக்கு, முதலாளி."

"இன்னைக்கு நடந்தத எழுது. இந்த வாரம் பாத்த வண்டி எத்தன, எந்தக் கட்டுல போச்சு, எல்லாத்தையும் எழுது. தமிழ்ல எழுது. நாளைக்குக் காலைல நீயும் நானும் கூப்பன் ஆபீசுக்குப் போறோம். அதிகாரிங்க வந்து பிடிக்கிறதுக்கு முந்தி நானே போய்ச் சொல்லணும்."

"லைசென்ஸ் போயிருச்சுன்னா?"

"போனா போகட்டும் தம்பி. பொய்யா மாட்டி வச்சு என்ன செய்ய?"

ஜெயராஜ் பேனாவை மையில் தோய்த்துவிட்டுத் தயங்கினான். "நீங்க கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தப் பத்தியும் எழுதணுமா?"

"அதத்தான் மொதல்ல எழுதணும்."

அவன் எழுதி முடிக்கும்வரை நூர் முகம்மது அசையாமல் இருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அதையும் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.