மேஜைமேல் வைத்த துரும்பு

படிப்பு என்றால் சும்மாவா? எம்.ஏ. சமூகப்பணி, முதல் வகுப்பு. எழுபத்தெட்டில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஓர் அறை, ஒரு மேஜை, இருபத்தாறு கேள்விகள் அச்சடித்த படிவம். வாசலில் 'செல்வி ஆனிமேரி' என்று பலகை வேறு. கோச்சடையில் பிறந்து வளர்ந்த டீச்சர் மகள் நான். பக்கத்துப் பரவையைத் தாண்டி எந்த ஊரிலும் ஒரு பொழுது தங்கியதில்லை. ஆனாலும் சனங்களைத் தெரியும் என்று நினைத்தேன். கொழுப்புத்தான், வேறென்ன.

ராக்கம்மாள் வந்தது ஆடி மாதம். திருமங்கலத்துக்கு மேற்கே ஏதோ ஓர் ஊர். இருபத்திரண்டு வயது, இடது கையில் மாவுக்கட்டு. புருஷன் உலக்கையால் அடித்து முறித்த கை. அதே கையில் இது மூன்றாவது முறிவு என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். கூட வந்த அப்பா பேயாண்டி, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தாயி, நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தார்.

சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் பெண் மனம்விட்டுப் பேச மாட்டாள் என்று பாடத்தில் படித்திருந்தேன். "நீங்க வெளிய இருங்கய்யா, அவங்களே பேசட்டும்" என்று கதவைச் சாத்தினேன்.

அவள் பேசவில்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, விரல் நீள வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். தொழுவத்திலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள் பாவம் என்று, துரும்பை ஓரமாகத் தள்ளிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன்.

வயசு, சாதி, பிள்ளை உண்டா, புருஷன் குடிப்பானா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். துரும்பை மறுபடி முடிந்துகொண்டு, "அவரக் கூப்புட்டு விடுங்க தாயி. ஊர்ல மூணு தடவ கூட்டம் போட்டும் வரமாட்டேன்னுட்டாரு. படிச்சவுக கூப்புட்டா வருவாரு" என்றாள்.

சேர்ந்து வாழத் துடிக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் சாகும்வரை. ஊருக்கெல்லாம் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டி, 'கணவனோடு வாழ விருப்பம்' என்று எழுதினேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒருத்தியே இரண்டையும் செய்தேன்.

கடுதாசி போட்டதும் அடுத்த வாரமே நல்லகாமன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. "புத்தி கெட்டுப்போச்சும்மா, இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று கும்பிட்டான். அன்றைக்கும் பேயாண்டியை வெளியில்தான் நிறுத்தியிருந்தேன். ராக்கம்மாள் அந்தத் துரும்பை எடுத்து, மேஜை நடுவில் வைத்து, அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் முகம் செத்துப்போயிற்று. துரும்பைத் தொடாமல் என்னைப் பார்த்தான்.

"என்னம்மா இது, குப்பைய வச்சு விளையாடிக்கிட்டு!" என்று அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வலது கையைப் பிடித்து அவன் கையில் நானே கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. கேஸ் நல்லபடியாக முடிந்தது என்று எழுதி மேலே அனுப்பினேன்.

கட்டுப் பிரிக்க வேண்டிய நாளில் பேயாண்டி மட்டும் வந்தார்.

"ராக்கம்மா வரலையா?"

"கெணத்துல விழுந்துட்டா தாயி. நீந்தத் தெரிஞ்ச பிள்ளதான்."

அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார். "எங்க பக்கம் தீத்து விடணும்னா, நாலு பேருக்கு முன்னால புருஷங்காரன் துரும்ப எடுத்து அவ கையில குடுக்கணும். குடுத்துட்டா அவ வேற கலியாணங்கூடக் கட்டிக்கிடலாம், ஒருத்தன் ஒண்ணும் சொல்ல முடியாது. பொம்பள வாயத் தொறந்து கேக்குறதில்ல. துரும்ப வைப்பா, பெத்தவந்தான் கேக்கணும். நீங்க என்னைய வெளிய போகச் சொல்லிட்டீக."

"அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா" என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி! அப்போதும் பழியைச் செத்தவள் தலையில்தான் போட்டேன்.

"என்னத்தச் சொல்லுவா? பஞ்சாயத்துப் பேசுறவுக துரும்பத் தூக்கி எறிஞ்சுட்டா, தீர்வு இல்ல, புருஷங்கூடப் போன்னு அர்த்தம். 'படிச்சவுகளே எறிஞ்சுட்டாகப்பா, இனி எங்க போயிக் கேக்க'ன்னா. பஸ் ஏறையில சொன்னது. அதுக்கப்புறம் அவ குரலக் கேக்கல."

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து, அவள் வைத்த அதே இடத்தில் வைத்தார்.

"தொலைஞ்சு போனா ஆகும்னு பெட்டியில இன்னொண்ணு வச்சிருந்திருக்கா. இதையும் நீங்களே எறிஞ்சுருங்க தாயி."

நான் எறியவில்லை. எறியாமல் வைத்திருந்து இனி யாருக்கு என்ன பிரயோசனம்?