துரைக்கு முன் ஒரு கோப்பை

அரிப்பு என்ற கடலோர ஊரில் முத்துச் சிப்பித் திட்டுகளை அளக்க வந்த துரைக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று ஈரல் நோய். மற்றது நான். என் பெயர் ஆதம்பாவா, அவருடைய பங்களாவில் சமைக்கும் குசினிக்காரன்.

ஈரலுக்கு மருந்தென்று சீமையிலிருந்து ஒரு தகரம் நிறையக் காய்ந்த காளான் கொண்டுவந்திருந்தார். கொதிக்கவைத்து வடித்தால் காளான் தேத்தண்ணீர். எனக்கு மருந்தாக ஒரு சட்டம் போட்டார். முதல் கோப்பையை நாலு மணிக்கு நான் குடிக்க வேண்டும். நான் சாகாமல் இருந்தால் ஐந்து மணிக்கு அவர் குடிப்பார். ஆக, சுடச்சுடக் குடித்தவன் நான், ஆறிப்போனதைக் குடித்தவர் துரை. ஆறு மாதத்தில் என் முழங்கால் வலி போய்விட்டது. அவருடைய ஈரல் அப்படியே இருந்தது.

அந்த ஒரு மணி நேரமும் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி கடிகாரத்தையே பார்ப்பார். காலடியில் அவருடைய நாய் படுத்திருக்கும். குடித்தவன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

தகரத்தைக் கடல் பக்க அறையில், அலுமாரியில் பூட்டி வைத்துத் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்றன்றைக்கு ஒரு பிடி எடுத்துத் தருவார். மாரி தொடங்கியதும் சொல்லிப் பார்த்தேன்.

"துரை, உப்புக் காத்து உள்ளுக்குப் போகுது. வெயில்ல காயவைச்சு, சாடியில போட்டு, வாயை இறுக்கிக் கட்டி அடுப்புக்கு மேல வைப்பம்."

"உன் கையில் தருவதற்கு நான் முட்டாள் இல்லை" என்றார்.

அந்த வருஷம் எங்கள் நோன்பும் கத்தோலிக்கரின் தபசுகாலமும் ஒன்றாக வந்தன. பகலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவன் தேத்தண்ணீரை எப்படிக் குடிப்பது? என் இடத்துக்குத் தோட்டக்கார அருளப்புவைப் போட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை துரை தந்த காளானில் பூசண மணம் குப்பென்று அடித்தது.

"இது பழுதாப் போச்சு துரை. கொட்டுவம்."

"அருளப்பு குடிக்கட்டும், பார்ப்போம்."

கோப்பையைக் கொடுக்கும்போது, "வாயை நனைச்சிட்டு விடு" என்று மெல்லச் சொன்னேன். அருளப்பு கோப்பையோடு பின்பக்கம் போனான். நாயும் பின்னால் போனது. துரையின் கண் கடிகாரத்தில். ஐந்து மணிக்கு அருளப்பு கல்லுப் போல நின்றான். துரை குடித்தார்.

நான் நோன்பு திறக்கிற நேரத்தில் துரை வாந்தியெடுக்கத் தொடங்கினார்.

"அருளப்பு குடித்தும் நன்றாக இருக்கிறான். பிறகு விஷம் கலந்தது நீதான்! நாளைக்கே உன்னை மறியலில் அடைப்பேன்!"

என் பெண்சாதி பாத்தும்மாவும் மூன்று பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். அப்போது அருளப்பு முன்னுக்கு வந்தான்.

"ஆதம்பாவா காக்கா ஒண்டும் செய்யேல்ல, துரை. நான் அதைக் குடிக்கேல்ல. இறைச்சி அவிச்ச தண்ணி மாதிரி மணத்துது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி ஆகாது. நாயின்ர கோப்பையில ஊத்திட்டன். அதுவும் பின்னால சத்தியெடுத்துக்கொண்டு கிடக்குது. தகரத்தைத் திறந்து பாருங்கோ."

துரை தகரத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி பின்பக்கம் ஓடினார். நாயின் தலையை மடியில் வைத்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கடிகாரம் தேவைப்படவில்லை.

மறுநாள் துரையும் நாயும் தேறிவிட்டார்கள். தகரத்தைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூசணம். என் மேல் இருந்த பழி நீங்கியது. அருளப்புவுக்கு வேலை போனது. என்னவென்று தெரியாத ஒன்றை ஒரு வாயில்லாச் சீவனுக்குக் குடிக்கக் கொடுப்பது மகா கொடுமையாம்.

"உன்னில் பிழையில்லை. நீ நிற்கலாம்" என்றார் என்னிடம்.

நான் நிற்கவில்லை. அருளப்புவோடு வாசல் படலையைத் தாண்டும்போது விறாந்தையிலிருந்து துரை கூப்பிடும் சத்தம் கேட்டது. எங்களையாக்கும் என்று திரும்பினேன். நாயைத்தான்.