நாற்பது அடியும் பதினான்கு கிலோமீட்டரும்

வால்தோரோவில் காசில்டாவின் வீட்டுக்கு யாராலும் போக முடியாமல் ஆனது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை பதினொரு மணி சுமாருக்கு. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. நீரூற்றுச் சதுக்கத்தில் நின்றால் அதன் பச்சைக் கதவும் மாடியில் காயும் படுக்கை விரிப்புகளும் நன்றாகத் தெரியும். சந்து வழியே போனால் நாற்பது அடி தூரம். ஆனால் சந்து முனையைத் தாண்டிக் கால் வைத்தவர்கள் அடுத்த கணம் மறுபடியும் நீரூற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தலை சுற்றவில்லை. அவள் வீட்டு விடுதியில் தங்கியிருந்த வலென்சியாக்காரர்கள் இரண்டு பேர் ரொட்டி வாங்க வெளியே வந்தவர்கள், ஐந்து முறை முயன்று பார்த்தார்கள். பிறகு காசில்டாவைக் கூப்பிட்டு, முதுகுப் பைகளை மதிலுக்கு மேலாக எறியச் சொல்லி வாங்கிக்கொண்டு, அல்பராசின் நகரக் கோட்டையைப் பார்க்க நடையைக் கட்டினார்கள்.

காரணம் சந்து முனைக் கல்லில் இருந்தது. மலைப் பாதைகளில் நடக்க வருகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தில் கல்லிலும் மரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே ஒரு மஞ்சள் கோடு போட்டு வைப்பார்கள். நேராகப் போ என்று அர்த்தம். அதே இரண்டு கோடுகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போட்டால், இந்தப் பக்கம் வழி இல்லை, வராதே என்று அர்த்தம். முந்தின நாள் வரை வெறுங்கல்லாக இருந்த முனையில் அன்று ஒரு பெருக்கல் குறி இருந்தது. வண்ணம் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. அவ்வளவு நேர்த்தியாகக் கோடு இழுக்கத் தெரிந்தவன் இந்த மலைவட்டாரம் முழுவதிலும் ஒருவன்தான். பாதைகளுக்குக் குறி போடும் எலாதியோ, காசில்டாவின் கூடப் பிறந்த தம்பி.

சண்டை ஒரு வடிகாலில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஏப்ரல் மாதம் ஒருநாள் கோயில் மணி அடிக்கும். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து, அந்தந்த வீட்டுப் பங்குப் பாதையைச் சீர்படுத்த வேண்டும். இதற்கு சோஃப்ரா என்று பெயர். மன்னர்கள் வந்தார்கள், போனார்கள், சோஃப்ரா மட்டும் நிற்கவில்லை. நடைக்காரர்களுக்கு விடுதி நடத்தத் தொடங்கிய பிறகு காசில்டா அதற்கு வருவதில்லை. விருந்தாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்பாள். அவள் பங்கையும் சேர்த்துப் பதினோரு வருடம் எலாதியோதான் வெட்டினான். ஒரு வார்த்தை சொன்னதில்லை, மனத்துக்குள் போட்டுப் பூட்டி வைக்கிற ரகம். பன்னிரண்டாம் வருடம் வேலை முடிந்து எல்லோரும் திராட்சை மதுவும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது காசில்டா ஒரு தட்டு ஹாமோன் இறைச்சியோடு வந்தாள். தன் பங்குப் பாதையைக் குனிந்து பார்த்தாள்.

“என்னடா இது, வடிகால் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? கண்ணைக் கட்டிக்கிட்டா வெட்டினே?”

ஊரே சிரித்தது. எலாதியோவும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் விபரீதம். நாலு வாரம் அந்தச் சிரிப்பை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் வாரம் வண்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு கோடைக்காலம் நடைக்காரர்கள் அக்காவின் விடுதிக்கு வழி தெரியாமல் அலையட்டும் என்பதுதான் எண்ணம். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தான். அதை நம்பலாம்.

அவன் மறந்துபோனது தன்னைப் பற்றித்தான். இருபத்தொரு வருடமாக அவன் வழி இல்லாத இடத்தில் ஒரு குறி போட்டதில்லை. ஒரு பைன் மரம் பாதையில் சாய்ந்தால் பனி கொட்டக் கொட்டப் போய்க் குறியை மாற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். மலைக் கற்களுக்கு அவன் சொல்வதை நம்பியே பழகிவிட்டது. அவன் சொன்ன ஒரே பொய்யையும் கல் நம்பிவிட்டது. இது ஊர்த்தலைவி ஹெனொவேவாவின் கருத்து. சரகோசாவிலிருந்து வந்து கல்லைத் தட்டிப் பார்த்த நிபுணர்களும் இதைவிட நல்ல காரணம் எதையும் சொல்லவில்லை.

குறி போட்ட மூன்றாம் வாரமே எலாதியோ கம்பித் தூரிகையால் குறியைச் சுரண்டினான். மறுநாள் அது முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. மேலே நேர்க்கோடுகள் போட்டான், அடியிலிருந்து பெருக்கல் குறி மேலேறி வந்தது. உளியால் ஒரு கையளவு ஆழத்துக்குச் செதுக்கினான். உள்ளேயும் குறி இருந்தது. அதற்குப் பிறகு உளியை வைத்துவிட்டான்.

காலில்லாதவை எல்லாம் தடையில்லாமல் போய் வந்தன. குரல் போனது, தொலைபேசி வேலை செய்தது. ரொட்டிக்காரர் தெயோஃபிலோ இளமையில் இரும்புக் கடப்பாரை எறியும் போட்டியில் பரிசு வாங்கியவர். தினமும் காலையில் நீரூற்றின் அருகே நின்று காலை அகட்டி மாடிக்கு ரொட்டி எறிந்தார், ஒன்றுகூடத் தவறவில்லை. உள்ளேயிருந்து வெளியே வருவதற்கும் தடை இல்லை. பூனை வெளியே வந்தது. திரும்பப் போக முடியாமல் இரண்டு நாள் கத்திவிட்டு எலாதியோ வீட்டில் குடியேறியது. அதைப் பார்த்த காசில்டா கதவைச் சாத்திக்கொண்டாள்.

“கழுத்தை வெட்டினாலும் வாசப்படி தாண்ட மாட்டேன். நான் பொறந்த வீட்டுக்குள்ள நான் போறதுக்கு ஒரு கல்லுக்கிட்ட அனுமதி கேக்கணுமா?” என்று மாடியிலிருந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். தம்பியிடம் மட்டும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆறு மாதம் ஒரே சதுக்கத்தின் இரு பக்கமும் இரண்டு ஜன்னல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் நீரூற்றருகே நின்று, இருமச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். நுரையீரல் என்றார். மாத்திரைகளை ரொட்டிக்குள் வைத்து எறிந்தார்கள். வெளியே வாருங்கள், ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று கெஞ்சினார்கள், பிடிவாதக்காரி வரவில்லை. மறுநாள் வர நினைத்திருந்தாலும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. மாகாணத் தலைநகரிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது, கூரைக்கு மேல் இரண்டு முறை வட்டமடித்தது, நீரூற்றுக்குப் பக்கத்தில் இறங்கியது. விமானி மிகவும் வருத்தப்பட்டார். அன்று மாலை ஜன்னலிலிருந்து இருமல் சத்தம் வருவதும் நின்றுபோனது.

எலாதியோ ஊர்த்தலைவியின் வீட்டுக்குப் போய் மணி அடிக்கச் சொன்னான். ஏப்ரல் தவிர மற்ற நாளில் சோஃப்ரா மணி கேட்பவர் சதுக்கத்தில் நின்று எதற்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் பேசியிராத மனிதன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

“அந்தக் குறியை நான்தான் போட்டேன்,” என்றான்.

“அடேயப்பா, பெரிய ரகசியம்!” என்றார் தெயோஃபிலோ. “ஊருல எல்லாருக்கும் தெரியும்யா, அது உனக்குத்தான் தெரியலை. மேல சொல்லு.”

“அந்தக் கல்லு முன்பக்கம் வழி இல்லைன்னுதான் சொல்லுது. பின்பக்கத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை. பின்னால கரி மூட்டம் போடுறவங்க பாதை ஒண்ணு இருந்துச்சு. அம்பது வருசமா முள்ளு மண்டிக் கெடக்கு. பாதைன்னு இருந்தாத்தான் நான் கோடு போட முடியும். இல்லாத வழிக்குக் கோடு போட இனிமே என்னால ஆகாது.” அக்காவின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். “எங்கக்கா செத்துப்போயிடுவா. கொஞ்சம் கை கொடுங்க.”

“கேக்க வேண்டியதை மே மாசமே கேட்டிருக்கலாம்ல, கழுதை,” என்று சொல்லிவிட்டு ஹெனொவேவா தானே போய் மணிக்கயிற்றை இழுத்தாள்.

முப்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. காசில்டாவின் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான பள்ளத்தாக்கு, கீழே ஆறு. ஊரின் காட்டு வழி ஆற்றின் மறுகரையில் போகிறது, வீட்டுப் பக்கத்துக் கரைக்குத் திரும்பப் பாலம் அல்பராசினில் இருக்கிறது. எனவே பாதை இப்படி ஆயிற்று: ஊரிலிருந்து காட்டு வழியாக அல்பராசின் வரை ஆறு கிலோமீட்டர், நகர மதிலின் வாசலைக் கடந்து பாலம் ஏறி ஆற்றோரமாக ஐந்து, அங்கிருந்து பாழடைந்த கரிச்சூளையைத் தொட்டு மலை மேல் மூன்று. அந்தக் கடைசி மூன்றைத்தான் திறக்க வேண்டியிருந்தது. முள்ளை வெட்டி, சரிந்த கற்களை அடுக்கி, இரண்டு பகலில் முடித்தார்கள். வெட்டுகிறவர்களுக்குப் பின்னாலேயே எலாதியோ கோடு போட்டுக்கொண்டு வந்தான். அவசரத்தில் கோடுகள் கொஞ்சம் கோணல்தான். கல் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் நாள் நாலு மணிக்கு அவன் அடுப்படியின் பின்கதவைத் தள்ளினான். மருத்துவர் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். காசில்டா உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள்.

“யாரது?”

“நான்தாங்க்கா.”

“எந்த வழியா வந்தே?”

“அல்பராசின் போயி, பாலத்தைத் தாண்டி, ஆத்தோரமா...”

“நாப்பது அடி வர்றதுக்கு அல்பராசின் போயிட்டு வந்தியா?” அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும் வந்தது. “முட்டாப்பயலே, அழாத. மொதல்ல காலைத் தொடச்சிட்டு வா, தரையெல்லாம் சேறு.”

எலாதியோ தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான். மருத்துவர் அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு ஊசி போட்டார். பத்து நாளில் அவள் எழுந்து உட்கார்ந்து, ரொட்டி கருகலாக இருக்கிறது என்று தெயோஃபிலோவைத் திட்டினாள்.

அடுத்த வருடமே அந்தப் பாதை வரைபடத்தில் ஏறியது. விடுதிக்கு முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் அவளைப் பார்க்க வேண்டுமானால் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எலாதியோ ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்குப் புறப்பட்டு, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்து, மதியம் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு முன்கதவைத் திறந்து நாற்பது அடியில் வீடு திரும்பினான். காசில்டா மட்டும் வாசல் தாண்டவில்லை. திரும்பி வருவதற்காகப் பதினான்கு கிலோமீட்டர் நடக்க எனக்கென்ன பைத்தியமா என்பாள்.

பதினோரு வருடம் கழித்து எலாதியோ ஒரு பாறையிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஊன்றுகோல், அதுவும் அறைக்குள் மட்டும். அந்த ஞாயிறு காசில்டா மேசையில் இரண்டு தட்டு வைத்தாள், பிறகு ஒன்றை எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பச்சைக் கதவு திறந்தது. எழுபத்து நாலு வயது. காலில் யாரோ நடைக்காரர் விட்டுப்போன பூட்ஸ், கையில் பூண்டு சூப் பாத்திரம். சதுக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“அக்கா, அந்த முனையைத் தாண்டிடாதீங்க!” என்று ஹெனொவேவா கத்தினாள். “திரும்ப எப்படிப் போவீங்க?”

“எல்லாரும் எப்படி வர்றாங்களோ அப்படித்தான்,” என்றபடி காசில்டா சந்து முனையைத் தாண்டி வந்தாள். தம்பி வீட்டுக் கதவைக் காலால் தள்ளினாள். “டேய், எந்திரிச்சு உக்காரு. ஆறிடப்போகுது.”

எலாதியோ இறக்கும்வரை, ஆறு வருடம், ஒருநாள் விடாமல் வந்தாள். போகும்போது நாற்பது அடி, திரும்பும்போது பதினான்கு கிலோமீட்டர். பனிக்காலத்தில் ஹெனொவேவா தன் கம்பளி மேலாடையைக் கொடுத்தாள், அதைத் தவிர யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசவில்லை. பாதைக் கையேட்டில் இந்த வழிக்கு நாலரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது. காசில்டா காலிப் பாத்திரத்தோடு நாலு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவாள்.