கொடியில் காய்ந்த துணி

முதல் உதை அடிவயிற்றில் விழுந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தவள் வாளியோடு சேர்ந்து குளியலறைச் சுவரில் போய் மோதினாள்.

"யாருதுடி அது?" என்றான் கறிக்கடைக்காரன்.

அவளுடைய புருஷன்தான். கேட்டானே தவிர, அவனுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே கூந்தலைக் கையில் சுற்றினான். கேட்டுக்கொண்டே முகத்தைத் தண்ணீர்க் குழாயில் இடித்தான். உதடு கிழிந்தது. அடுத்த உதையில் விலாவுக்குள் ஏதோ மளுக்கென்றது. கடையில் ஆட்டு எலும்பு உடைவதைத் தினமும் கேட்கிறவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இவ்வளவுதான்: வீட்டுப் பின்பக்கக் கொடியில் நாலைந்து மாதமாக அவளுடைய மாதத் துணி காயவில்லை. இரண்டாவது பெண் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவன் அவன். தனக்குப் பிறக்க வழியில்லை, இவளுக்கோ நின்றுபோயிருக்கிறது. அப்புறம் என்ன, தீர்ப்பு சுலபமாக வந்துவிட்டது. சாட்சிகளையும் சேர்த்து வைத்திருந்தான். திடீர் திடீரென்று முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறாள். பட்டப்பகலில் மறுபடி மறுபடி தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள். கிட்டே போனால் வலிக்கிறது என்று விலகுகிறாள். காற்றுக்காக வாசலில் போய் நிற்கிறாளாம், காற்றுக்காக!

அவள் எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சோதித்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வந்து, கேட்டதையெல்லாம் அன்றைக்கே அவனிடம் சொல்லியும் இருந்தாள். பெண் பிறக்கும்போதே முட்டைகளோடுதான் பிறக்கிறாள். வயதுக்கு வந்தபின் மாதா மாதம் ஒன்று முதிர்ந்து குழாய் வழியாக இறங்குகிறது. பிள்ளை வந்து தங்கும் என்று கர்ப்பப்பை உள்ளே மெத்தை போட்டுக் காத்திருக்கும். வராவிட்டால் அந்த மெத்தை கலைந்து ரத்தமாகப் போய்விடும். முட்டை வருவது ஓய்ந்துவிட்டால் மெத்தையும் இல்லை, ரத்தமும் இல்லை. சிலருக்கு ஐம்பதில் ஓயும், சிலருக்கு நாற்பதிலேயே ஓயும். வியர்வையும் எரிச்சலும் அதோடு கூட வருபவை. பெண்ணாட்டின் குடலோடு கர்ப்பப்பையையும் எடுத்துக் கழுவிப் பழகியவளுக்கு அது கேட்டவுடனே புரிந்தது. அந்த ஆட்டை வெட்டிக் கிழிக்கிற மகாராஜனுக்குத்தான் புரியவில்லை. டாக்டரும் பொம்பளைதானே, எல்லாரும் ஒரே கூட்டு என்று சொல்லிவிட்டான்.

அவனிடம் அதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று இருந்தது. இப்போது அவள் கழுத்தை மிதித்துக்கொண்டு அதைச் சொன்னான்.

"நாப்பத்திரெண்டுல நின்னுடுமா? யாருக்குடி காது குத்துற? எங்கம்மாவுக்கு அம்பது தாண்டியும் கொடியில துணி காஞ்சுது. எங்கப்பா சாகுற மாசம் வரைக்கும் காஞ்சுது. என் கண்ணால பாத்தவன் நான்."

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். மகன் இதைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வயித்துல இருக்கறத கலைச்சுடு," என்றான் அவன். "நாளைக்குக் கொடியில துணி காயணும். இல்லேன்னா கடைக் கொக்கியில நீ தொங்குவ."

வெறும் மிரட்டல் என்று அவள் நினைக்கவில்லை. செய்யக்கூடிய ஆள்தான்.

மறுநாள் காலையில் மாமியார் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஆட்டு ரத்தம். அப்போதுதான் கடையில் பிடித்தது, சூடு ஆறவில்லை.

"உறையறதுக்குள்ள துணிய நனைச்சு, அரைகுறையா அலசிக் கொடியில போடும்மா. கறை லேசா தெரியணும். ரொம்ப வெளுத்தாலும் நம்ப மாட்டாங்க."

கை பழகியவள் பேச்சு அது. மருமகள் அவளையே பார்த்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு முப்பத்தொன்பதிலேயே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் அவளுடைய ஓரகத்திக்கு நின்றிருந்தது. வற்றிப்போனவள் எனக்கு எதற்கு என்று ஓரகத்தியின் புருஷன் அவளை அடித்து விரட்டிவிட்டு, வேறொருத்தியைக் கூட்டி வந்து குடித்தனம் நடத்தினான். அதைப் பார்த்த பயத்தில் இவள் மாதா மாதம் கடைச் சட்டியிலிருந்து ஒரு கை ரத்தம் எடுத்தாள். கொடியில் துணி காயக் காய, மாமனார் கறி வாங்க வந்தவர்களிடமெல்லாம் தன் வீட்டுக்காரி இன்னும் குமரிதான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைச் சொல்லித்தானே நேத்து என் கழுத்துல கால வச்சாரு. நீங்க வாசல்லதானே அத்தை நின்னீங்க?"

மாமியார் அழுதாள்.

துணியை நனைத்தால் இன்றைக்கு உயிர் பிழைக்கலாம். அடுத்த மாதமும் நனைக்க வேண்டும். அவன் சாகும் வரை நனைக்க வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களுடைய புருஷன்களிடமும் இவன் இதே பெருமையை அளப்பான். நாளைக்கு அவர்கள் கழுத்தில் எவன் கால் வைப்பானோ. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, விலாவை ஒரு கையால் அழுத்தியபடி கடைக்கு நடந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். வெட்டுக்கட்டை மேல் கிண்ணத்தை வைத்தாள். அவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்ததும் கூட்டத்தின் பேச்சு நின்றது.

"நீங்க கேட்ட ரத்தம்," என்றாள். "உங்கம்மா குடுத்தாங்க. துணியில நனைச்சுக் காயப்போடச் சொன்னாங்க. உங்கப்பாவுக்கு அப்படித்தான் காட்டினாங்களாம். நீங்க கண்ணால பாத்தது ஆட்டு ரத்தம்."

அவன் கத்தியை ஓங்கிவிட்டான். அவள் நகரவில்லை.

"ஆமாடா, நெசந்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாமியார் மூச்சு வாங்க வந்து நின்றாள். "எனக்கு நாப்பதுக்கு முன்னாலயே நின்னுடுச்சு."

கத்தி மெல்லத் தாழ்ந்தது. அவன் உதடு துடித்தது, கண் நிறைந்தது. செய்ததை நினைத்து வருந்துகிறான் என்று அவள்கூட ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"அப்பாவ ஏமாத்திட்டியேம்மா," என்றான்.

எதிரே பெண்டாட்டியின் கிழிந்த உதடு இருந்தது. அதைப் பார்த்து வராத கண்ணீர், செத்துப்போன அப்பனின் பெருமைக்காக வந்தது. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கூட்டாளியாக இருந்த கிழவர் ஒருவர், வாங்க வந்த கறியை மறந்து பையைச் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். அவர் தன் வீட்டில் யாரை எப்படி வதைத்தாரோ.

அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "விலா எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. வழுக்கி விழுந்தேன்னு சொல்ல மாட்டேன்."

"போய்ப் பாரு, கால வெட்டிடுவேன்."

மாமியார் இருவருக்கும் நடுவில் வந்தாள். மருமகளின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன்," என்றாள். "அடிச்சத பாத்த ஆள் யாருன்னு கேப்பாங்கல்ல."

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். அவன் கத்தியும் கையுமாக நின்றான். கறி வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கட்டைமேல் இருந்த கிண்ணத்தில் ரத்தம் உறைந்துபோயிருந்தது. இனி அதில் எந்தத் துணியையும் நனைக்க முடியாது.