கடையில் 'இல்லை' என்று சொல்லக் கூடாது

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் ஒரு நாய். இதை மறைத்துவிட்டு, 'சக மனிதரின் துயரம் என்னை எழுதத் தூண்டியது' என்று கம்பீரமாக ஆரம்பிக்கலாம்தான். ஆரம்பித்தும் பார்த்தேன். அடுத்த வரி வரவில்லை.

திருவரங்குளத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில், எச்சில் இலைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த நாய் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அலறியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து ஆஸ்பத்திரி ஊசி அறைக்குள் நுழைந்தால், ஊசியும் கையுமாக நின்றது எங்கள் சேலைக்கடைப் பெண்.

அமுதவல்லி. கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வருடக்கணக்காக நின்றவள். என் மனைவியின் பீரோவில் பாதிச் சேலை அவள் எங்கள் தலையில் கட்டியது. கொஞ்ச காலமாகக் கடையில் ஆளைக் காணோம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். இதோ இங்கே, கொண்டையை வலைக்குள் அடக்கி, மாணவிகளுக்கான வெள்ளைக் கோட்டு போட்டு, பதினெட்டு வயதுப் பெண்கள் நாலு பேருக்கு நடுவில் நின்றாள்.

"வாங்கண்ணே. அக்கா வரலையா?"

பழக்கதோஷம், 'கொஞ்சம் குறைச்சுப் போடும்மா' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"வலிக்குமாம்மா?" என்றேன்.

"போட்டதே தெரியாதுண்ணே. அம்புட்டு லேசு."

தெரிந்தது. [நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதப்போவதில்லை. கதை எழுதுகிறவனுக்கும் ஊரில் கொஞ்சம் மரியாதை வேண்டும்.]

2

முப்பத்து நாலு வயதில் ஒருத்தி நர்சிங் படிக்கச் சேர்ந்தாள் என்றால் வாசகர் ஒரு காரணம் கேட்பார். என் கைவசம் இருந்த காரணங்கள் இவை:

அம்மாவின் கடைசி நாட்களில் அருகில் இருந்து பார்க்க ஆளில்லாமல்...

சிறுவயதிலிருந்தே வெள்ளை உடுப்பைக் கண்டால் அவள் கண்கள்...

இரண்டையும் அரைகுறையாக விட்டுவிட்டேன். இரண்டாவது ஊசிக்குப் போன அன்று, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அவளிடமே கேட்டேன்.

"பெருசா என்ன காரணம்ண்ணே. கடையில நாளெல்லாம் நிக்கணும். கால் ரெண்டும் வீங்கிப் போகும். எப்படியும் நிக்கிற பொழப்புதான், சேலைக்கு நிக்கிறதுக்கு மனுசருக்கு நின்னுட்டுப் போவோம்னு வந்துட்டேன்."

இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. "வேணும்னா எங்க அம்மாவ நோயாளியாக்கிக்கங்கண்ணே, அது ஒண்ணும் சொல்லாது. அன்னவாசல்ல கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

பார்த்தீர்களா? என்னிடம்கூட அவளால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை. கதை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பொறி தட்டியது.

3

ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக் கூடாது. மாம்பழ மஞ்சளில் மயில்கழுத்துக் கரை கேட்கிறார்களா? கடையிலேயே கிடையாதா? "இருக்குக்கா, மேல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், அதுவரைக்கும் இதப் பாருங்க." அதற்கும் மசியாவிட்டால், "நாளைக்கு வந்துரும்க்கா." அமுதவல்லியின் நாக்கு இந்த இரண்டு வாக்கியங்களில் ஊறிப்போன நாக்கு. நர்சிங் பள்ளியில் உடம்பின் எலும்புகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். எட்டாவது படிக்கும் மகள் கேள்வி கேட்க, சோறு வடித்துக்கொண்டே ஒப்பித்தாள். நாக்கை மட்டும் யாரும் மாற்றிக்கொடுக்கவில்லை.

இன்னொரு சங்கடம் அவள் வயது. வார்டில் உள்ள நிஜமான நர்சுக்கு இருபத்து மூன்று வயது. பக்கத்தில் அமுதவல்லி நின்றால் சனம் அமுதவல்லியைத்தான் பெரிய சிஸ்டர் என்று கும்பிடுகிறது. கூடப் படிக்கும் பெண்கள் அவளை அமுதாம்மா என்கிறார்கள். பாடம் நடத்தும் டயானா மேடம், ஆவூர்ப் பக்கத்துப் பெண், அமுதவல்லியைவிட ஆறேழு வயது சின்னவள். அதட்டும்போதுகூட "அக்கா" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, "அமுதவல்லி" என்று முடிக்கிறாள்.

வயிற்றுவலி என்று அடைக்கலம் என்ற சம்சாரி வந்து படுத்திருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம்.* துணைக்கு மனைவி ராசாத்தி. மாட்டையும் வீட்டையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவள். சாயங்காலம் அமுதவல்லி காய்ச்சல் பார்க்கப் போனபோது ராசாத்தி அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பம்மா வீட்டுக்கு விடுவாக? மாடு யார் கையிலயும் கறக்க விடாது."

அந்த முகத்தில் அப்படி ஓர் ஆசை. அமுதவல்லி யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"நாளைக்குப் போயிரலாம்க்கா."

சொன்னது கண்ணீர் துடைக்கிற சொல். அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் காலையில் அடைக்கலத்துக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று சின்ன நர்ஸ் இரவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராசாத்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு. நம்மைத்தான் பெரிய சிஸ்டரே போகச் சொல்லியாயிற்றே! விடிந்ததும் மனிதருக்கு முகம் கழுவிவிட்டு, நாலு இட்லி ஊட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டாள். வாசலில் மச்சான் வேனோடு நின்றார்.

சோதனை தள்ளிப்போனது. வேனும் திரும்பிப் போனது. ராசாத்தி வார்டு நடுவில் நின்று, "அந்தப் பெரிய சிஸ்டரக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். பெரிய சிஸ்டர் தூணுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

* ஊர், பேர் எல்லாம் நான் வைத்தவை. அமுதவல்லி சொன்னது, "அங்கிட்டு வடக்கே ஒரு ஊருண்ணே" என்பது மட்டும்தான். தன் தப்பைத்தான் சொன்னாளே தவிர ஆளை அடையாளம் சொல்லவில்லை. அப்போது நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

4

மூன்றாவது ஊசிக்குப் போனபோது அவள் வார்டிலும் இல்லை, ஊசி அறையிலும் இல்லை. சலவைத்துணி அறையில் இருந்தாள். தண்டனை. துணியிலிருந்து தப்பித்து நர்சிங்குக்கு ஓடிவந்தவளை மறுபடியும் துணி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். டயானா மேடத்துக்குக் கதை எழுத வரும் போலிருக்கிறது.

விரிப்புகளை எல்லாம் கரை வெளியே தெரியும்படி, பட்டுச் சேலை மடிப்பில் அடுக்கியிருந்தாள். பார்த்தால் நாமே இரண்டு எடுத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது. இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மேலே நான் எழுதிய இட்லிச் சங்கதியை எல்லாம் அவள் சொன்னது அங்கே உட்கார்ந்துதான்.

"இன்னொரு தடவை இப்படி எதாச்சும் சொன்னேன்னு தெரிஞ்சா பிரின்சிபால்கிட்ட போயிரும்னு மேடம் சொல்லிட்டாங்கண்ணே. கோர்ஸ் போனாப் போச்சு. வயசு தாண்டிருச்சு, இனி எங்கிட்டும் சேத்துக்க மாட்டாங்க. கடையில என் எடத்துக்கு ஆள் போட்டாச்சு."

[இந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்வது மனித இயல்பு. 'எல்லாம் சரியாப் போயிரும்மா' என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நானும் கடைக்காரனைப் போலவே பேசியது உறைத்தது.]

"அந்த ஆளுக்கு என்னாச்சும்மா?"

"சோதனை பண்ணிட்டாங்க. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க." ஒரு விரிப்பைப் பிரித்து, திரும்பவும் மடித்தாள். "நாளைக்குக் கெளம்புறாங்க. காலையில அந்தக்கா இங்க தேடி வந்துட்டாங்கண்ணே. திட்டத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'யாரைக் கேட்டாலும் இங்கிலீசுல சொல்றாக. நீ சொல்லும்மா, பொழைச்சுருவாரா?'ன்னு கேட்டாங்க. மேடம் வாசல்ல நிக்கிறாங்க. நான்..."

வெளியே யாரோ மணி அடித்தார்கள். அவள் விரிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

5

நியாயமாக இங்கே நீங்கள் கேட்கப்போவது, அவள் என்ன சொன்னாள்? கடைசி ஊசிக்கு நாள் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் நானே மூன்று முடிவுகளை எழுதினேன். உட்காருங்கள், பிரித்துக் காட்டுகிறேன். பார்க்கக் காசில்லை.

முதலாவது பட்டு. "கண்டிப்பாப் பொழைச்சுருவாருக்கா" என்கிறாள் அமுதவல்லி. அடைக்கலம் தேறி வருகிறார், ஒரு தூக்குச் சட்டியில் அந்த மாட்டின் பாலோடு. எல்லோரும் அழுகிறார்கள். சரிகை கொஞ்சம் அதிகம்தான், விசேஷத்துக்கு எடுக்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது பருத்தி. "எனக்கு அதைச் சொல்ல அனுமதி இல்லைக்கா, டாக்டரைக் கேளுங்க." சாயம் போகாது, சட்டத்துக்கும் ஒத்துவரும், டயானா மேடம் தலையாட்டுவாள். கோர்ஸ் தப்பித்துவிடும். ராசாத்தி மட்டும் கையை விட்டுவிட்டு வராந்தாவில் நடந்து போவாள்.

மூன்றாவது இலக்கியத் தரமானது. அமுதவல்லி ஒன்றும் சொல்லவில்லை. சன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. பார்க்க அழகு. உடுத்திக்கொண்டு வெளியே போக முடியாது.

மனைவியிடம் மூன்றையும் வாசித்துக் காட்டினேன். "மூணையும் தனியா எடுத்து வைங்க, நாளைக்கு வந்து சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

6

கடைசி ஊசிக்கு, சட்டைப்பையில் கதையை மடித்து வைத்துக்கொண்டு போனேன். அமுதவல்லி ஊசி அறைக்குத் திரும்பியிருந்தாள். கொண்டை, வலை, வெள்ளைக் கோட்டு எல்லாம் இருந்தன. கோர்ஸ் போகவில்லை என்று கண்டதும், உண்மையாகச் சொல்கிறேன், முடிவு கேட்க வந்ததே ஒரு கணம் மறந்துவிட்டது. டயானா மேடம் மூலையில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பாதியில விட்டுட்டுப் போயிட்டியேம்மா. அந்தக்காகிட்ட என்ன சொன்ன?"

அமுதவல்லி பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அது இல்லைண்ணே."

"என்னது?"

"ஒங்களுக்கு அது இல்லைண்ணே. அது அந்தக்காவுக்குச் சொன்னது."

"படிக்கிறவங்க கேப்பாங்களேம்மா. மூணு முடிவு வச்சிருக்கேன், இதுல எது கிட்ட வருதுன்னாவது சொல்லு."

"கேக்கட்டும்ண்ணே. ஆளு யாரு, என்ன வியாதி, என்ன பேசுனோம், எதையும் வெளிய சொல்லக் கூடாது. நான் அன்னைக்கு ஒங்ககிட்ட அம்புட்டுச் சொன்னதே தப்பு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். "கோவிச்சுக்காதீங்க."

டயானா மேடம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம், எத்தனை முறை அந்தக் கடைப் படியேறியிருப்பேன். அவள் வாயால் 'இல்லை' கேட்டது இதுதான் முதல் தடவை. வாடிக்கையாளன் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்ட முடிவு என்னிடம் இல்லை, மேலே இருந்தும் வராது, நாளைக்கும் வராது. சலவைத்துணி அறையில் ராசாத்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அமுதவல்லியின் இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். என்ன சொல்ல வருகிறதோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சட்டைக்கையை மடித்துவிட்டேன்.

"வலிக்குமாம்மா?"

அவள் ஊசியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்கும்ண்ணே. கொஞ்ச நேரம் இருக்கும். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க கையை இறுக்காம விடுங்க."

அவள் சொன்னபடியே வலித்தது.